நடக்க வைப்பதும் நாட வைப்பதும்

புந்தோங் என்று சொன்னால் ஈப்போவாசிகளுக்கு மட்டுமல்ல, கோலாலம்பூரிலும் ஜொகூரிலும் உள்ளவர்களுக்குங்கூட முதலில் நினைவுக்கு வருவது கச்சாங் பூத்தேதான். எட்டயபுரம் வட்டாரத்திலிருந்து வந்து இங்கே குடியேறிய குடும்பங்கள் கடலையும் பட்டாணியும் முறுக்கும் வறுத்தும் பொரித்தும் தலைச்சுமையாகவும் சைக்கிளிலும் கொண்டுபோய் விற்றார்கள். அந்தப் பண்டத்தின் பெயரே ஒரு கம்பத்தின் பெயராகிவிட்டது. அக்கடைகளின் கண்ணாடிச் சாடிகள் ஒன்றில் தட்டையாய், பெரிதாய், கடித்தால் 'கடக்' என்று உடையும் ஓர் அவரை இருக்கும். கச்சாங் பாராங் என்று கேட்டு வாங்குகிறோம். அந்த அவரைக்கும், அஞ்சடியில் உட்கார்ந்திருக்கும் நம் தாத்தாவின் கை தானாக நடுங்குவதற்கும் ஒரு தொடர்பு உண்டென்றால் நம்புவீர்களா? அத்தொடர்பின் பெயர்தான் டோபமின்.

இப்போது கைத்தொலைபேசியில் யாரைப் பார்த்தாலும் டோபமின் பற்றிப் பேசுகிறார்கள். அது 'மகிழ்ச்சி தரும் திரவம்' என்றும், இனிப்புச் சாப்பிட்டால் ஊறும் என்றும், பிள்ளைகள் போனை விடாததற்கு அதுதான் காரணம் என்றும் சொல்கிறார்கள். இது முழுப் பொய்யல்ல. ஆனால் முழு உண்மையும் அல்ல. டோபமினின் முக்கியமான வேலைகளில் ஒன்று மகிழ்ச்சியைச் சேர்ந்ததே அல்ல. நாற்காலியை விட்டு எழுவது, சட்டைப் பொத்தான் மாட்டுவது, இருளில் எழுந்து நிரைக்குப் போய் மரம் சீவுவது ஆகிய அசைவுகளைச் சேர்ந்தது. அங்கிருந்தே தொடங்குவோம்.

அவரையில் கிடைத்த வெள்ளைப் பொடி

1913-ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்து நாட்டின் பாசல் நகரில் மார்க்கஸ் குக்கன்ஹைம் என்ற ரசாயன விஞ்ஞானி, நாம் கச்சாங் பாராங் என்று சொல்லும் அதே இனத்து அவரையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். அதற்கு 'டோபா' என்று பெயர். பிராணிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். குறிப்பிடத்தக்க பலன் எதுவும் தெரியவில்லை. விடாக்கண்டரான அவர் தாமே இரண்டரை கிராம் எடுத்து விழுங்கினார். குமட்டலும் வாந்தியுமாகப் படாத பாடு பட்டார். இதனால் பெரிய பிரயோசனம் ஒன்றுமில்லை என்ற முடிவுக்கு வந்துவிட்டார். அந்த வாந்திக்கான காரணம் தெரிய உலகம் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

டோபா என்பது தாய்ப்பொருள்; டோபமின் அதன் பிள்ளை. டோபாவிலிருந்து ஒரு சிறு துணுக்கு கழன்றால் டோபமின் ஆகிவிடும். நம் உடல் இதைத் தானே செய்துகொள்கிறது. பருப்பு, மீன், முட்டை போன்ற உணவுகளில் உள்ள புரதத்திலிருந்து முதலில் டோபாவும் பிறகு டோபமினும் உண்டாகின்றன. லண்டன் நகரிலோ 1910-ஆம் ஆண்டிலேயே டோபமினைச் செயற்கையாகச் செய்துவிட்டார்கள். ஆயினும் அதை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. வேறொரு சுரப்புநீர் உண்டாகும் வழியில் வரும் இடைப்பொருள் என்றே பல காலம் எண்ணியிருந்தார்கள். ஊருக்குப் போகும் பேருந்து நடுவில் நிற்கும் ஒரு நிறுத்தம் மாதிரி.

இனி நம்மவர் கதைக்கு வருவோம். தமிழ்நாட்டுக் காட்டு வேலிகளில் பூனைக்காலி என்றொரு கொடி படரும். அதன் காயைத் தொட்டவர்கள் மறக்கமாட்டார்கள். மேலே படிந்திருக்கும் சுணை பட்டால் உடம்பெல்லாம் அரிக்கும். சித்த வைத்தியர்களும் ஆயுர்வேத வைத்தியர்களும் அதன் விதையைச் சுத்தி செய்து பல காலமாக மருந்தாகப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். கைகால் நடுங்கும் நோயை நம் வைத்திய முறைகள் கம்பவாதம், நடுக்குவாதம் என்று பெயரிட்டு அறிந்திருந்தன. 1937-ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர் ரசாயன ஆய்வுக்கூடத்தில் எம்.தாமோதரன், ஆர்.இராமசாமி என்ற இருவர் அந்தப் பூனைக்காலி விதையிலிருந்து அதே டோபாவைப் பிரித்தெடுத்து, ஆங்கில ஆய்விதழ் ஒன்றில் வெளியிட்டார்கள். விதையின் எடையில் நூற்றுக்கு மூன்று முதல் ஆறு பங்கு வரை டோபா இருக்கும். ஒரு விதைக்கு இது பெரிய அளவு. ஆனால் அன்று அந்தப் பொருள் மூளைக்கு என்ன செய்யும் என்று சென்னையிலும் தெரியாது, லண்டனிலும் தெரியாது.

நம் தோட்டங்களிலும் பூனைக்காலியின் உறவுக்கொடி ஒன்று இருக்கிறது. செம்பனைக் காடுகளிலும் ரப்பர் மறுநடவுகளிலும் புல் முளைக்காமல் தரையை மூடிப் படர விடுகிறார்களே, அந்த மியூக்குனா கொடிதான். இந்தியாவிலிருந்து இங்கு கொண்டுவரப்பட்டது. பெயரைக் கேட்டு யாரும் அதைப் பறித்துக் கஷாயம் வைத்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை இங்கே எழுதுகிறேன். காரணம் பின்னால் வரும்.

காது தொங்கிய முயல்கள்

இன்னொரு இந்திய மூலிகை சர்ப்பகந்தி. பம்பாயைச் சேர்ந்த டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949-ஆம் ஆண்டு அதன் வேர் இரத்தக் கொதிப்பைத் தணிப்பதைப் பற்றி எழுதிய கட்டுரை உலக மருத்துவர்களின் கவனத்தை இழுத்தது. மூன்று ஆண்டுகள் கழித்து அதே பாசல் நகரில் அந்த வேரின் சத்தைப் பிரித்து ரிசர்பின் என்று பெயரிட்டார்கள். அம்மருந்து இரத்தக் கொதிப்பைக் குறைத்தது. கூடவே சிலரை மந்தமாக்கி, உடலை விறைக்கவும் செய்தது. ஏன்?

சுவீடன் நாட்டு அர்விட் கார்ல்சன் 1957-ஆம் ஆண்டு இதை முயல்களிடம் சோதித்தார். ரிசர்பின் ஏற்றிய முயல்கள் காதுகள் தொங்க, அசைய முடியாமல் கிடந்தன. உயிர் இருக்கிறது, கண் திறந்திருக்கிறது; ஆனால் நகரவில்லை. அவற்றுக்கு டோபாவை ஊசி மூலம் ஏற்றினார். சிறிது நேரத்தில் காதுகள் நிமிர்ந்தன; முயல்கள் எழுந்து ஓடின! ஆராய்ந்தபோது, ரிசர்பின் மூளையிலிருந்த டோபமினைக் காலி செய்துவிட்டது என்பதும், டோபா அதை மறுபடியும் நிரப்பியது என்பதும் தெரிய வந்தன. ஒரு பாரத மூலிகை வற்ற வைத்ததை, மற்றொரு பாரத மூலிகையில் உள்ள பொருள் ஊற வைத்தது. கார்ல்சனுக்கு 2000-ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது.

1960-ஆம் ஆண்டு வியன்னாவில் ஓலே ஹோர்னிக்கேவிச் என்பவர், நடுக்கவாத நோயால் இறந்தவர்களின் மூளையைச் சோதித்து, அவற்றில் டோபமின் வெகுவாகக் குறைந்திருப்பதைக் கண்டார். மறு ஆண்டே அந்நகரில் நோயாளிகளுக்கு டோபா ஊசி போட்டார்கள். படுத்த படுக்கையாகக் கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். மருந்தின் பலன் சிலமணி நேரமே நின்றது. 1967-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் கோட்சியாஸ் வாய்வழியாக, அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கொடுத்து நிலையான பலன் கண்டார். இந்த நோயை முதன்முதலில் விரிவாக எழுதியவர் லண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பார்க்கின்சன். அவர் எழுதிய ஆண்டு 1817. ஆகவே இதற்குப் பார்க்கின்சன் நோய் என்று பெயர்.

நடு மூளையில் கறுப்பாக ஒரு சிறு பகுதி உண்டு. மூளையில் பல ஆயிரம் கோடி நரம்பணுக்கள் இருக்க, இந்தக் கறுப்புப் பகுதியில் டோபமின் சுரக்கும் அணுக்கள் சில லட்சம் மட்டுமே. அவற்றிலிருந்து கிளம்பும் நரம்புகள், அசைவுகளை ஒழுங்கு செய்யும் பகுதிக்கு டோபமினைக் கொண்டு சேர்க்கின்றன. காலை எடுத்து வை என்று மனம் சொல்கிறது. தசையிலும் வலு இருக்கிறது. இடையில் 'சரி, கிளம்பு' என்று அனுமதிச் சீட்டுக் கொடுப்பது டோபமின். அந்தக் கறுப்பு அணுக்கள் மெல்ல மெல்லச் சாகின்றன. பாதியளவோ அதற்கு மேலோ போன பிறகுதான் நோய் வெளியில் தெரிகிறது.

"நான் குடிக்கிறவன் இல்லை"

பேரப்பிள்ளையைப் பள்ளியில் சேர்த்த நாளிலிருந்து பாடநூல் இரவல் பாரங்களில் கையெழுத்துப் போட்டு வந்த ஒரு பெரியவரை எனக்குத் தெரியும். முப்பது வருடம் பால் மரம் சீவியவர். உளி பிடித்த கை. முதலாண்டில் அவர் கையெழுத்து பெட்டியை விட்டு வெளியே ஓடும். மூன்றாவது ஆண்டில் அதே பெயர் எறும்பு ஊர்ந்ததுபோல் ஆகிவிட்டது. அதுவும் போகப் போகச் சிறுத்துக்கொண்டே போகும். நடக்கும்போது ஒரு கை வீசாது. குரல் பக்கத்தில் நிற்பவருக்குத்தான் கேட்கும். கல்யாண வீடுகளில் அவர் சிறு சிறு அடியாக முன்னால் சாய்ந்து ஓடுவதைப் பார்த்து, "காலையிலேயே போட்டுட்டாரு" என்று இளைஞர்கள் சிரித்தார்கள். ஒருநாள் என்னிடம், "வாத்தியாரே, நான் குடிக்கிறவன் இல்லேன்னு உங்களுக்காவது தெரியுமில்ல?" என்று கேட்டார். மருமகள் ஏற்கெனவே மந்திரித்துக் கயிறு கட்டியிருந்தாள். பேரன்தான் பிடிவாதமாகக் கிளினிக்குக்கு அழைத்துப்போனான். அங்கிருந்து ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். இன்று அவர் மாத்திரை சாப்பிடுகிறார். கோயிலுக்குத் தாமே நடந்து போகிறார்.

வயதானால் கை நடுங்கத்தானே செய்யும் என்று நாம் விட்டுவிடுகிறோம். வயதுக்கு வரும் எல்லா நடுக்கமும் இந்த நோயல்ல என்பது உண்மைதான். ஒரு சோதனை சொல்கிறேன். காப்பிக் கோப்பையைத் தூக்கும்போது மட்டும் கை நடுங்கி, மடியில் வைத்தால் நின்றுவிடுமானால் அது பெரும்பாலும் வேறு வகை. மடியில் சும்மா கிடக்கும் கை, கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையில் ஒட்டுப்பாலை உருட்டுவதுபோல் தானாக உருட்டிக்கொண்டிருந்தால், அதுவும் ஒரு பக்கத்தில் மட்டும் தொடங்கியிருந்தால், டாக்டரிடம் காட்ட வேண்டும். நடுக்கமே இல்லாமலும் இந்நோய் வரும். எல்லாவற்றிலும் மந்தம், உடம்பு விறைப்பு, சிரித்தாலும் சிரிப்புக் காட்டாத முகம், திரும்பும்போது தடுமாற்றம் ஆகியவை அடையாளங்கள். இவற்றுக்குப் பல ஆண்டுகள் முன்பே சிலருக்கு வாசனை தெரியாமல் போகிறது; மலச்சிக்கல் வருகிறது; தூக்கத்தில் கனவு கண்டு கையை வீசி, பக்கத்தில் படுத்திருப்பவரை அடித்துவிடுகிறார்கள். குழம்பு தீய்ந்த வாசனை அப்பாவுக்குத் தெரியவில்லை என்று அம்மா கோபித்துக்கொள்வாள். யாருக்குத் தோன்றும், இது மூளையில் தொடங்கிய மாற்றமென்று?

வாந்திக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளும், மனநோய்க்கான சில மருந்துகளும் டோபமினைத் தடுப்பதால் இதே அடையாளங்களை உண்டாக்கும். ஆகவே டாக்டரைப் பார்க்கப் போகும்போது வீட்டில் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள். நாட்டு மருந்து, சூரணம் எதையும் மறைக்க வேண்டாம்.

டோபமினையே மாத்திரையாகக் கொடுத்தால் என்ன என்று கேட்கலாம். கொடுத்தாலும் பயனில்லை. இரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே ஒரு காவல் வேலி இருக்கிறது. டோபமினை அது உள்ளே விடாது. தாய்ப்பொருளான டோபாவை விடும். ஆனால் வயிற்றுக்குள் போகும் டோபாவில் பெரும்பகுதி வேலியை அடையும் முன்பே டோபமினாக மாறி, வாந்தி உணர்ச்சியைத் தூண்டிவிடும். குக்கன்ஹைம் அன்று பட்ட பாடு இதனால்தான். வழியிலேயே மாறிவிடாமல் தடுக்கும் துணை மருந்து ஒன்றைச் சேர்த்து இப்போது மாத்திரை செய்கிறார்கள். சினமெட், மேடோபார் என்னும் பெயர்களில் வருபவை அவைதான். பருப்பு, கருவாடு, பால் போன்ற புரத உணவுடன் சேர்த்து விழுங்கினால் உணவும் மருந்தும் ஒரே வாசலில் முட்டிக்கொள்ளும், மருந்து பின்தங்கிவிடும். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பாகவோ, ஒரு மணி நேரம் கழித்தோ எடுப்பது நல்லது. மருந்து நோயைக் குணமாக்காது. நாளடைவில் அதன் பலன் நிற்கும் நேரம் குறையும், உடம்பு தானாக நெளியவும் கூடும். அப்போது டாக்டர் அளவையும் வேளையையும் மாற்றுவார். திடீரென்று நிறுத்துவது மட்டும் ஆபத்து.

அப்படியானால் பூனைக்காலிப் பொடியையே சாப்பிட்டால் என்ன? 1995-இல் வெளியான ஓர் ஆய்வில் அந்த விதைப் பொடியை 60 நோயாளிகளுக்கு 12 வாரம் கொடுத்து நல்ல பலன் கண்டதாக எழுதியிருக்கிறார்கள். ஆகவே நம் வைத்தியர்கள் வெறும் கையோடு இருக்கவில்லை. ஆனால் ஒரு விதையில் இருக்கும் டோபா மற்றொரு விதையில் இருக்காது. ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர் அதற்கு மேல் பொடியும் சாப்பிட்டால் அளவு மீறி, இரத்த அழுத்தம் இறங்கி மயங்கி விழுவார். தோட்டத்து மியூக்குனா கொடியோ மருந்துக்கென்று யாரும் அளந்து பார்த்துக் கொடுத்ததல்ல. கச்சாங் பாராங்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. டோபா அதிகம் இருப்பது பச்சைக் காயிலும் இளம் முளையிலுமே. பொரித்த பருப்பைத் தின்று யாருக்கும் நடுக்கம் நிற்காது. பிறந்தபோது ஜி6பிடி குறைபாடு உண்டென்று ஆஸ்பத்திரிப் புத்தகத்தில் எழுதப்பட்ட பிள்ளைகளுக்கு அந்த அவரையைக் கொடுக்கவே கூடாது. இரத்த அணுக்கள் உடைந்துவிடும்.

வீட்டில் செய்யக்கூடிய ஓர் உதவி. கதவு நிலைப்படி அருகில் வந்ததும் சிலருக்குக் கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடும். இழுத்தால் விழுவார்கள். தரையில் சாக்கட்டியால் ஓரடிக்கு ஒரு கோடு போட்டு, "கோட்டைத் தாண்டுங்க தாத்தா" என்று சொல்லிப் பாருங்கள். அல்லது தாளம் தட்டுங்கள். மூளை வேறு பாதையில் ஆணையை அனுப்பிக் காலைத் தூக்கிவிடும்.

மருந்தடித்த கைகள்

கறுப்பு அணுக்கள் ஏன் சாகின்றன? பலருக்குக் காரணம் புலப்படுவதில்லை. வயது ஒன்று, சில குடும்பங்களில் பரம்பரை. 1982-ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் கள்ளத்தனமாகச் செய்த போதை மருந்தை ஏற்றிக்கொண்ட சில இளைஞர்கள் ஓரிரு நாட்களில் எண்பது வயதுக் கிழவர்களைப்போல் விறைத்துப் போனார்கள். அம்மருந்தில் கலந்திருந்த ஒரு நச்சு, கறுப்பு அணுக்களைத் தேடிப் போய்க் கொன்றிருந்தது. அந்த நச்சு உடம்பில் மாறி எடுக்கும் வடிவத்தைப் பார்த்த விஞ்ஞானிகள் திடுக்கிட்டார்கள். தோட்டங்களில் களைக்கு அடிக்கும் பாராக்குவாட்டின் அமைப்பு ஏறத்தாழ அதைப்போலவே இருந்தது.

பாராக்குவாட் என்றால் தெரியாதவர்களுக்கும் 'கிராமக்சோன்' என்றால் தெரியும். முதுகில் தோம்பைச் சுமந்து, முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு அதை அடித்தவர்களில் பெரும்பாலோர் நம் பெண்கள். மூக்கில் இரத்தம், நகம் கழன்று விழுதல், தோல் புண் ஆகியவற்றை அவர்கள் அறிவார்கள். 2002-இல் தெனாகானித்தா அமைப்பும் ஆசிய பசிபிக் பூச்சிமருந்து எதிர்ப்பு அமைப்பும் சேர்ந்து நம் நாட்டுத் தோட்டப் பெண்களின் இந்நிலையை ஓர் அறிக்கையாக வெளியிட்டன. அதே ஆண்டு அரசாங்கம் பாராக்குவாட்டுக்குத் தடை அறிவித்தது; 2006-இல் அத்தடை தளர்ந்தது; 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்துதான் முழுத் தடை வந்தது. இதற்கும் நடுக்கவாதத்துக்கும் உறவுண்டா? 2011-இல் அமெரிக்காவில் விவசாய வேலையில் இருந்தவர்களை ஆராய்ந்தபோது, பாராக்குவாட்டைக் கையாண்டவர்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டரை மடங்கு இருந்தது. தயாரித்த நிறுவனத்தார் இதை ஏற்பதில்லை. அடித்த எல்லோருக்கும் வரும் என்று பயப்பட வேண்டியதில்லை. அடிக்காதவர்களுக்கும் இந்நோய் வருகிறது. ஆனால் டாக்டர் "என்ன வேலை பார்த்தீங்க?" என்று கேட்டால், "தோட்டத்து வேலை" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். "பத்து வருஷம் மருந்தடிச்சேன்" என்று சொல்லுங்கள்.

உடம்பின் மற்ற இடங்களிலும் டோபமினுக்கு வேலை உண்டு. சிறுநீரகம் உப்பை வெளியேற்ற அது உதவுகிறது. தாய்ப்பால் சுரப்பதற்கான சுரப்புநீரை அடக்கி வைப்பவற்றுள் அதுவும் ஒன்று. இரத்த அழுத்தம் அபாயமாக இறங்கிய நோயாளிக்கு அதைச் சொட்டுச் சொட்டாக நரம்பில் ஏற்றுவதும் உண்டு.

நாலு நம்பரும் ஒரு மஞ்சள் விளக்கும்

இனி, எல்லோரும் பேசுகிற அந்த 'மகிழ்ச்சி' விஷயம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கென்ட் பெரிட்ஜ் என்பவரும் அவருடைய சகாக்களும் 1989-இல் எலிகளின் மூளையிலிருந்து டோபமினை ஏறக்குறைய முழுவதும் நீக்கினார்கள். எதிரில் தீனி இருந்தும் எலிகள் தின்னவில்லை, பட்டினியாகவே கிடந்தன. இனிப்பு பிடிக்காமல் போய்விட்டதோ? இல்லை. சர்க்கரை நீரை நாக்கில் விட்டபோது வழக்கம்போல் சப்புக் கொட்டிச் சுவைத்தன! ருசி இருக்கிறது, அதைத் தேடிப் போகும் நாட்டம்தான் இல்லை. ஆகவே டோபமின் தருவது இன்பத்தையல்ல, இன்பத்தை நாடும் துடிப்பை. நடுக்கவாத நோயாளி சிலர் எதிலும் பற்றில்லாமல் உட்கார்ந்திருப்பதும் இதனால்தான். சோம்பேறி என்று பழிப்பது நியாயமல்ல.

உல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் என்ற விஞ்ஞானி குரங்குகளின் டோபமின் அணுக்களைக் கவனித்தார். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபோது அணுக்கள் துள்ளின. விளக்கு எரிந்தபின் சாறு வரும் என்று பழக்கியதும், சாற்றுக்குத் துள்ளுவதை விட்டு விளக்குக்கே துள்ளத் தொடங்கின. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால் சட்டென்று அடங்கின. வருமா வராதா என்று பாதிக்குப் பாதி நிச்சயமில்லாதபோது, காத்திருக்கும் நேரம் முழுவதும் அணுக்களின் துடிப்பு ஏறிக்கொண்டே போயிற்று.

நம் ஊரில் அந்த மஞ்சள் விளக்கு எது? புதன், சனி, ஞாயிறு. கனவில் பாம்பு வந்தது, விபத்தில் அடிபட்ட காரின் எண், குழந்தை பிறந்த தேதி என்று நாலு நம்பர் எடுக்கிறோம். 0000 முதல் 9999 வரை பத்தாயிரம் எண்கள்; முதல் பரிசுக்கு ஒன்றே ஒன்று. கணக்கு தெரியாமலா எடுக்கிறார்கள்? தெரியும். ஆனால் சீட்டு வாங்கியதிலிருந்து முடிவு வரும் வரை உள்ளே ஓடும் துடிப்புக்குக் கணக்கு தெரியாது. அதைவிட மோசமானது "ஒரு நம்பர்ல போச்சு!" என்பது. 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், நூலிழையில் தவறிய சூதாட்டம், பிடிக்காவிட்டாலும் மீண்டும் ஆடும் ஆசையைத் தூண்டுவதையும், ஜெயிக்கும்போது விழிக்கும் மூளைப் பகுதிகளே அப்போதும் விழிப்பதையும் கண்டார்கள். தோற்றவருக்கு, கிட்டத்தில் வந்துவிட்டோம் என்றே தோன்றும்.

சம்சுவும் சியாபுவும் இந்த வழியாகத்தான் உள்ளே புகுகின்றன. சாராயம் டோபமினைத் தூண்டுகிறது. சியாபு நரம்பு முனைகளிலிருந்து அதைப் பிதுக்கி வெளியே தள்ளுகிறது. நாளடைவில் மூளை தன் வரவேற்பைக் குறைத்துக்கொள்கிறது. பழையபடி உணரக் கூடுதலாக வேண்டும். பிள்ளை சிரிப்பதும் சோறு ருசிப்பதும் மங்கிவிடும். குடிப்பவர் ஒரு கட்டத்தில் "எனக்கே பிடிக்கலை, ஆனா கால் அங்கேதான் போகுது" என்கிறாரே, அது சாக்குப்போக்கல்ல. பிடிப்பும் நாட்டமும் வேறு வேறு என்று அந்த எலிகள் காட்டியதைத்தான் அவரும் சொல்கிறார்.

நடக்க வைப்பதும் நாட வைப்பதும் ஒரே பொருள்தான் என்பதற்குக் கண்கூடான சாட்சி ஒன்று உண்டு. நடுக்கவாதத்துக்கு டோபாவோடு, டோபமின்போல் நடிக்கும் வேறு மாத்திரைகளும் கொடுப்பார்கள். அவற்றைச் சாப்பிட்ட சிலர், வாழ்நாளில் சூதாடியே அறியாதவர்கள், திடீரென்று பைத்தியமாகச் சூதாடத் தொடங்கினார்கள் என்று 2005-இல் அமெரிக்க மருத்துவர்கள் எழுதினார்கள். மாத்திரையைக் குறைத்ததும் அல்லது மாற்றியதும் அந்த ஆசை போய்விட்டது. சிலருக்குச் சூதுக்குப் பதிலாகக் கண்டதையெல்லாம் வாங்கும் ஆசை. சிலருக்கு வெளியில் சொல்லக் கூசும் ஆசைகள். இது அந்தப் பெரியவரின் நடத்தைக் கேடல்ல, மருந்தின் அளவு. ஆகவே மாத்திரை ஆரம்பித்த பிறகு அப்பா ஒரு நாளும் இல்லாத வழக்கமாக நம்பர் கடைப்பக்கம் போகிறார், சேமநிதிப் பணத்தைக் கேட்கிறார் என்றால், வீட்டுக்குள் சண்டை போடாமல் அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அம்மாவோ மகளோ கூடவே உள்ளே போய் அதைச் சொல்லுங்கள். அவர் முன்னால் சொல்லச் சங்கடமாயிருந்தால் ஒரு தாளில் எழுதி நர்ஸிடம் கொடுங்கள். அதுவரை மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.